ஐந்தாவது வரை படித்தவர்

"அப்பாவோட விடைத்தாளை எனக்குக் காட்டுங்க."

அதை மட்டும் கேட்காதே என்று, அம்மா காலையில் தன் வேலைக்குக் கிளம்பும்போதே படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். கேட்டால் மருத்துவமனையில் கோபித்துக்கொள்வார்களாம், பயிற்சியில் இடம் தர மாட்டார்களாம். மகள் நாற்காலியில் உட்காரும் முன்பே கேட்டுவிட்டாள்.

உளவியலாளர் கோபித்துக்கொள்ளவில்லை. "காட்டக்கூடாதும்மா. முடிவைச் சொல்றேன். ஞாபகப் பயிற்சியில உங்கப்பாவைச் சேர்க்க முடியாது."

"ஏன் சார்?"

"விபத்தால இழப்பு இருந்தாத்தான் சேர்ப்போம். இவருக்கு அப்படி எதுவும் தெரியலை."

பக்கத்தில் அப்பா, சோதனைக்குக் கொடுத்த வண்ணக் கட்டை ஒன்றை இன்னும் கைக்குள் பொத்தி வைத்திருந்தார். நான்கு மாதத்துக்கு முன் கட்டடச் சாரத்திலிருந்து தலைகுப்புற விழுந்த எலக்ட்ரீஷியன்.

"காலையில என்னைப் பாத்து, நீங்க எந்த ஆபீஸ்னு கேட்டார் சார். இது இழப்பு இல்லையா?"

"விழறதுக்கு முன்னாடி எப்படி இருந்தார்னு யாரும் சோதிச்சு வைக்கலை. படிப்பை வச்சுத்தான் கணிக்கணும்." அட்டவணையை அவள் பக்கம் திருப்பினார். "அஞ்சாவது வரைக்கும் படிச்சவங்க இவ்வளவு மார்க்குதான் எடுப்பாங்க. இவரும் அதையேதான் எடுத்திருக்கார்."

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தொலைப்பதற்கு அப்பாவிடம் ஒன்றுமே இருந்ததில்லை என்று கட்டம் போட்டு எழுதி வைத்திருக்கிறார்கள்.

"ஒன்பது மாடிக்கு ஒயரிங் போட்டவர் சார். எந்த ஒயர் எந்தச் சுவத்துக்குள்ள போகுதுன்னு இன்ஜினியரே இவரைத்தான் கேப்பார்."

"இருக்கலாம்மா. அதை எழுத இதுல இடம் இல்லை."

"அப்ப என் பதினாறு வருஷப் படிப்பை அவர் கணக்குல சேத்துக்குங்க. அவர் சாரம் ஏறினதாலதான் நான் படிச்சேன்."

உளவியலாளர் ஒரு படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினார். முடிவை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் பகல் காப்பகத்தில் இடம் உண்டு. காலையில் கொண்டுவந்து பெஞ்சில் உட்கார வைக்கலாம், மாலையில் கூட்டிப்போகலாம். "அம்மாவும் நீங்களும் வேலைக்குப் போறவங்க. வேற வழி எனக்குத் தெரியலை."

அப்பா அவள் காதருகே குனிந்தார். "நான் பாஸா மேடம்?"

"அஞ்சாவது பாஸ்ப்பா."

அவர் முகம் மலர்ந்ததை அவளால் பார்க்க முடியவில்லை. செல்போனை எடுத்து, நாளையிலிருந்து வேலைக்கு வரமாட்டேன் என்று மேலாளருக்குத் தட்டி அனுப்பினாள். வீட்டில் வைத்து அவரைத் தேற்றிவிடலாம் என்ற நம்பிக்கை அவளுக்குத் துளியும் இல்லை. தினக்கூலியிலேயே ஓடிய அந்தக் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவள். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

கையெழுத்துப் போடாத படிவத்தை மேசையிலேயே விட்டுவிட்டு, அப்பாவின் முழங்கையைப் பிடித்து எழுப்பினாள். அவர் எங்கே போகிறோம் என்று கேட்டார். அவள் கதவைத் தள்ளித் திறந்து நடந்தாள்.