முப்பத்தோராவது கேள்வி

1

இந்தக் கதையைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. ஆகவே இதைக் கதை என்கிறேன்.

நான் மொழிபெயர்ப்பாளன். புத்தகங்களை அல்ல, வாய்ப்பேச்சை. மருத்துவமனை, நீதிமன்றம், கவுன்சில் அலுவலகம், சில நாட்களில் விமான நிலையம். தமிழ் மட்டும் தெரிந்த ஒருவருக்கும் ஆங்கிலம் மட்டும் தெரிந்த ஒருவருக்கும் நடுவில் ஒரு கதிரையைப் போட்டு என்னை இருத்துவார்கள். இருபத்திரண்டு வருடங்களாக அந்தக் கதிரையில் இருக்கிறேன். அங்கே கேட்டதை வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்து வைத்தவன். அதனால் இதில் வரும் பெயர்கள் எல்லாம் மாற்றியவை. என் பெயர் றமணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த விமான நிலையம் என்று கேட்காதீர்கள்.

பத்து நாட்களாக என் மேசையில் ஒன்பது பக்கங்கள் கிடக்கின்றன. ஆங்கிலத்தில் இருக்கும் ஒரு விசாரணைப் பதிவு. அதைத் தமிழில் எழுதிக் கொடுப்பதாக ஒரு பெண்ணிடம் ஒப்புக்கொண்டேன். ஒரு மாலை வேலை. அதைச் செய்யாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"செப்டம்பர் கடைசியில் லண்டனுக்கு வருகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். வெயில் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கும், குளிர் வாசலில் நின்று தயங்கும், பூங்காக்களில்"

நிறுத்திவிட்டேன். அது பயணக் கட்டுரைக்காரனின் குரல். இந்தக் கதையில் வருகிறவர் லண்டனைப் பார்க்கவில்லை. ஒரு அறையைப் பார்த்தார்.

இரண்டாவது தொடக்கம்: "ஒரே ஒரு சொல் ஒரு மனிதரை ஆறாயிரம் மைல் திருப்பி அனுப்பிவிடும் என்று"

இதுவும் வேண்டாம். பழியைச் சொல்லின் மீது போடுகிற வாக்கியம்.

மூன்றாவது: ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, அறுபத்துமூன்று வயதான ஒரு அம்மா என் எதிரில் வந்து இருந்தார்.

இது உண்மை. இதிலிருந்து போகலாம்.

2

அவருக்குத் தவமலர் என்று பெயர் வைக்கிறேன். இலங்கையில் வடமராட்சிப் பக்கம். கணவர் காலமாகி ஒன்பது வருடம். ஒரே மகள் கம்சிகா, கலியாணம் முடித்து லண்டன் ஹரோவில் இருக்கிறாள். முதல் பிள்ளைப்பேறுக்கு இன்னும் இரண்டு கிழமை. தாயிடம் ஆறு மாத விசா இருந்தது. திரும்பிப் போகிற டிக்கெட்டும் இருந்தது.

மகளின் முகவரியைப் பார்த்தேன். எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. ஆளைத் தெரியாது, தெருவைத் தெரியும்.

முதல் பிரதியில் தவமலரைப் பயந்த மனுஷியாக எழுதியிருந்தேன். கை நடுங்குகிறது, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைக்கிறார், இத்யாதி. உங்களுக்கு இரக்கம் வரட்டும் என்று செய்த வேலை அது. உண்மையில் அவர் பயப்படவில்லை. சப்பாத்து கடிக்கிறது என்று கழற்றிக் கதிரைக்குக் கீழே வைத்தார். என்னைக் கண்டதும், "அப்பாடா, தமிழ் ஆள்" என்றார். அதன் பிறகு எல்லாவற்றையும் என்னைப் பார்த்தே சொன்னார். கேள்வி கேட்ட குடிவரவு அதிகாரியைப் பார்க்கவே இல்லை.

அதிகாரியும் கொடுமைக்காரி அல்ல. முப்பது வயது இருக்கும். தண்ணீர் வேண்டுமா என்று இரண்டு தரம் கேட்டாள். பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, இது என்ன தூள் என்றாள்.

"சரக்குத்தூள். பிள்ளை பெத்தவைக்குக் கறி வைக்கிறது. மிளகு, மல்லி, மஞ்சள், திப்பிலி போட்டு நானே வறுத்து இடிச்சனான்."

நான் சொல்லி முடித்ததும் அதிகாரி பொட்டலத்தை மூக்கருகே கொண்டுபோய், பிறகு கவனமாகப் பையில் வைத்தாள்.

அந்த அறைக்கு ஒரு ஒடுங்கிய ஜன்னல். வெளியே வாகனத் தரிப்பிடமும் அதன் ஓரத்தில் ஒரு மரமும். பாதி இலை மஞ்சள், பாதி துருப்பிடித்த நிறம்.

"தம்பி, அந்த மரத்துக்கு ஏதும் வருத்தமோ?"

"இல்லை அம்மா. இஞ்ச இப்ப இலை கொட்டுற காலம்."

"எல்லாமோ?"

"எல்லாம்."

அதிகாரி தலையை நிமிர்த்தி, என்ன சொல்கிறார் என்றாள். மரத்தைப் பற்றிக் கேட்கிறார் என்றேன். அது பதிவில் இல்லை.

(மொழிபெயர்ப்பாளர் தனிப்பட்ட பேச்சு வைத்துக்கொள்ளக் கூடாது என்பது விதி. மரத்துக்காக ஒருவரும் என்னைத் தண்டிக்கமாட்டார்கள்.)

3

கேள்விகளுக்கு எண் உண்டு.

பதினான்காவது: மகள் வேலைக்குத் திரும்பினால் பிள்ளையை யார் பார்ப்பது?

"நான் பாக்காமல் வேற ஆர்?"

சொன்னதைச் சொன்னேன். அதிகாரி அதற்குக் கீழே கோடு போட்டாள். அந்தக் கோட்டின் பொருள் எனக்குத் தெரியும், தவமலருக்குத் தெரியாது. பேரப்பிள்ளையைக் கொஞ்ச வருவது சுற்றுலா. பிள்ளை பார்க்க வருவது வேலை; அதற்கு இந்த விசா செல்லாது.

இருபத்திரண்டாவது: ஊரில் உங்களுக்கு யார் இருக்கிறார்கள்?

"ஒருத்தரும் இல்லை. வீட்டைப் பூட்டித் திறப்பைப் பக்கத்து வீட்டில குடுத்திட்டு வந்தனான்."

சொன்னதைச் சொன்னேன். இன்னொரு கோடு: திரும்பிப் போகக் காரணம் இல்லை.

முப்பத்தோராவது: ஆறு மாதம் முடிந்ததும் இலங்கைக்குத் திரும்பிப் போவீர்களா?

தவமலர் சிரித்தார். "பாப்பம்" என்றார்.

நான் "வீ வில் சீ" என்றேன்.

எங்கள் ஊர்க்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்கு: கலியாணவீட்டுக்கு வருவீர்களா என்று கேட்டால் பாப்பம் என்போம், முதல் ஆளாகப் போய் நிற்போம். பாப்பம் என்பது சில நேரம் ஓம், சில நேரம் இல்லை, சில நேரம் அந்தக் கேள்வியை இப்போது கேட்காதே. ஆங்கிலத்தில் அது ஒன்றே ஒன்றுதான்: நான் முடிவு செய்யவில்லை.

ஆனால் விளக்கம் சொல்வது என் வேலை இல்லை. சொன்னதைச் சொன்னேன்.

4

இதுவரை எழுதியதை என் மனைவி கலாவதிக்குக் கொடுத்தேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் இருபது வருடமாகப் படிப்பிக்கிறவள். சமையலறை மேசையில் வைத்து, பிள்ளைகளின் கொப்பியைத் திருத்துவதுபோல் பேனாவோடு வாசித்தாள்.

"இஞ்சேருங்கோ, அந்த மனுசி 'பாப்பம்' எண்டதோட நிண்டவவோ?"

"ஓம்."

"வேற ஒண்டும் சொல்லேல்லையோ?"

நான் எழுந்து கேத்திலில் தண்ணீர் பிடித்தேன்.

"'சொன்னதைச் சொன்னேன்' எண்டு மூண்டு தரம் எழுதியிருக்கிறியள். உண்மையெண்டால் ஒருக்காச் சொன்னால் காணும்."

ஆகவே முப்பத்தோராவது கேள்வியைத் திரும்ப எழுதுகிறேன். மேலே உள்ளதை அழிக்கவில்லை. எப்படிப் பொய் சொன்னேன் என்பதும் இருக்கட்டும்.

தவமலர் சிரித்து, "பாப்பம்" என்றார். நான் "வீ வில் சீ" என்றேன். அதிகாரி தட்டச்சத் தொடங்கினாள். அப்போது அவர் என் பக்கம் சாய்ந்து சொன்னார்:

"பிள்ளைப்பேறு நடக்கப்போற வீட்டுக்கெல்லோ போறன் தம்பி. போக முதலே திரும்பிப் போறதைப் பற்றி வாயால சொல்லலாமோ? போகாமல் என்ன, என்ர வீடு வாசல் அங்கதானே கிடக்கு."

இதுதான் பதில். முழுப் பதில். போவேன் என்று சொல்லிவிட்டார்.

அதிகாரி கையை நிறுத்தி, வேறு ஏதாவது சொன்னாரா என்று கேட்டாள்.

"இல்லை" என்றேன்.

ஏன்? பன்னிரண்டரைக்கு எனக்கு இன்னொரு இடத்தில் வேலை இருந்தது. அந்த வாக்கியத்தைச் சொன்னால் பிள்ளைப்பேறுக்கும் வாயால் சொல்வதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பாள்; விளக்கினால் இன்னும் நான்கு கேள்வி வரும். அது பதில் அல்ல, எனக்குச் சொன்ன பேச்சு என்று நினைத்தேன். நினைத்தேன் என்று எழுதுவதும் சரியில்லை. நினைக்கவே இல்லை. இருபத்திரண்டு வருடம் ஒரு வேலையைச் செய்தவனின் வாய், அதுவாகத் திறந்து இல்லை என்றது.

ஒன்பது பக்கத்திலும் தவமலர் கையெழுத்து வைத்தார். "தம்பி சரியாத்தானே சொல்லியிருப்பீர்" என்றார்.

பன்னிரண்டு மணிக்கு முடிவு வந்தது. நாட்டுக்குள் அனுமதி இல்லை. மாலை விமானத்தில் திரும்பிப் போக வேண்டும். அதையும் என் வாய்தான் அவருக்குச் சொன்னது. அவர் கீழே குனிந்து சப்பாத்தைப் போட்டுக்கொண்டார்.

"மகள் வெளியிலதான் நிக்கிறாள். ஒருக்கா முகத்தைப் பாத்திட்டுப் போகேலாதோ?"

அதை முழுதாக மொழிபெயர்த்தேன். ஒரு சொல் விடவில்லை. முடியாது என்றும் தொலைபேசியில் பேசலாம் என்றும் பதில் வந்தது.

5

வெளியே போகும்போது வருகை மண்டபத்தைக் கடந்துதான் போக வேண்டும். கைத்தடியில் சாய்ந்த கிழவர்கள், பலூன் பிடித்த பிள்ளைகள், நடுவில் ஒரு நிறைமாதப் பெண். தாயின் முகம் அப்படியே. பக்கத்தில் கணவன், கையில் ஒரு குளிர்ச்சட்டை, இன்னும் விலைச்சீட்டு கழற்றாதது. கதவு திறக்கும்போதெல்லாம் இருவரும் ஒன்றாக எட்டிப் பார்த்தார்கள். நான் வந்தபோதும் பார்த்தார்கள். நான் அல்ல என்று கண்டு அடுத்த ஆளைப் பார்த்தார்கள்.

(இந்த இடத்தில் ஒரு நல்ல கதாசிரியன் என்னை நிறுத்தியிருப்பான். போய் அவளிடம் இரண்டு வார்த்தை சொல்ல வைத்திருப்பான். நான் பன்னிரண்டரை வேலைக்குப் போனேன். பிந்தித்தான் போனேன்.)

ஒன்பது நாள் கழித்துப் பிள்ளை பிறந்தது. பெண். அதை எனக்குச் சொன்னது கலாவதி. "எங்கட வகுப்பில சின்னப் பிள்ளையளோட உதவிக்கு நிக்கிற கம்சிகாவுக்குப் பிள்ளை கிடைச்சிருக்கு. பாவம், தாயைத் திருப்பி அனுப்பிப்போட்டினமாம். பெரியாக்கள் ஒருத்தருமில்லாமல் பெத்திருக்குது." கோப்பையை எடுத்துக்கொண்டு நான் வேறு அறைக்குப் போனேன்.

6

நவம்பர் தொடக்கத்தில், ஒரு சனிக்கிழமை, கம்சிகா எங்கள் வீட்டுக்கு வந்தாள். பிள்ளை நெஞ்சில் கட்டியிருந்தது. கண்ணுக்குக் கீழே கறுப்பு. பையிலிருந்து ஒன்பது பக்கங்களை எடுத்தாள்.

"அங்கிள், ரீச்சர் சொன்னவ நீங்கள் உந்த வேலைதான் செய்யிறனீங்கள் எண்டு. இதைத் தமிழில எழுதித் தருவீங்களோ?"

"எதுக்குப் பிள்ளை?"

"அம்மாவுக்கு. ஒவ்வொரு நாளும் போனில ஒரே கேள்வி. நான் என்ன பிழையாச் சொன்னனான், என்ன பிழையாச் சொன்னனான் எண்டு. வெளியில போறேல்லை அங்கிள். கோயிலுக்கும் போறேல்லை. ஏன் திருப்பி அனுப்பினவங்கள் எண்டு சனம் கேக்குமாம். பிள்ளையை வீடியோவில காட்டினால் பாக்கிறா இல்லை, அழுறா. வாசிச்சால் எண்டாலும் மனம் ஆறட்டும்."

தாள்களைப் புரட்டினேன். மொழிபெயர்ப்பாளரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு எண் மட்டும். என் எண்.

"அங்க தமிழ் ஆள் ஆரும் இருந்தவையோ?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"ஓம். ஒரு தம்பி இருந்தவராம். அவர் இருந்தபடியாத்தான் பயமில்லாமல் கதைச்சனான் எண்டு அம்மா சொன்னவ."

பிள்ளை சிணுங்கியது. கலாவதி வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். இரண்டு கிழமையில் தருகிறேன் என்றேன். அதைத் தொடாமல் இதை எழுதத் தொடங்கினேன்.

7

முடிவுகள்.

அ) இருப்பதை இருப்பதுபோல் தமிழாக்குவது. தவமலர் வாசிப்பார். முப்பத்தோராவது கேள்விக்குக் கீழே ஒரே ஒரு சொல் இருக்கும். தான் சொன்ன மற்றதைத் தேடுவார். அடுத்த பக்கத்தைத் திருப்புவார். இருக்காது. அந்தத் தம்பி என்ன செய்தார் என்று அப்போது விளங்கும். அல்லது, இதுதான் எனக்குப் பயம், தான் சொல்லவே இல்லைப்போல என்று நினைப்பார்.

ஆ) விடுபட்ட வாக்கியத்தைத் தமிழில் நானே சேர்த்துவிடுவது. ஆங்கிலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க அங்கே யார் இருக்கிறார்கள்? நான் சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன், அவர்கள்தான் கேட்கவில்லை என்று தவமலர் நிமிர்ந்து கோயிலுக்குப் போவார். எல்லோருக்கும் நிம்மதி. ஒரு முழு நாள் இந்த முடிவோடு இருந்தேன். அந்தப் பக்கத்தை அழகாக எழுதியும் முடித்தேன்.

கலாவதி வாசித்தாள். "நல்லாத்தான் இருக்கு. அந்தப் பிள்ளை தாய்க்குத் திரும்ப விசாவுக்குப் போட்டால், பழைய பதிலைத்தானே எடுத்து வைப்பினம். அப்ப உங்கட தமிழ் ஆருக்கு உதவும்?"

கிழித்தேன்.

இ) கம்சிகாவிடம் சொல்வது. இதைச் சொன்னால் அந்தக் கதிரை இனி எனக்கு இல்லை. ஐம்பத்தாறு வயதில் வேறு வேலை தெரியாது. சொன்னாலும் தாய் வந்துவிடுவார் என்றில்லை. அந்த இரண்டு கோடுகளும் அப்படியே இருக்கும். ஒருவேளை உதவும், ஒருவேளை உதவாது.

"நேரே சொல்ல எனக்கு ஏலாது கலா. இதை எழுதிப்போட்டன். இதையே குடுக்கிறன்."

"கதையைக் கொண்டுபோய் லோயரிட்டக் குடுத்து என்ன செய்யிறது? பெயரெல்லாம் மாத்திப்போட்டு, பயந்தாங்கொள்ளி வேலை பாத்துக்கொண்டு."

அவள் சொன்னது நியாயம். கணினியைத் திறந்து ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதினேன். அதில் அடைப்புக்குறி இல்லை, மூன்று தொடக்கம் இல்லை. நாள், நேரம், என் உண்மைப் பெயர், என் எண், கேள்வி, அந்த அம்மா தந்த முழுப் பதில், அதில் நான் விட்டது, அதிகாரி கேட்டபோது நான் சொன்ன பொய். இருபது வரிகூட வரவில்லை. கீழே கையெழுத்து வைத்தேன்.

8

வாசகரிடம் முடிவை விடுவது இந்த மாதிரிக் கதைகளில் ஒரு வழக்கம். பெரும்பாலும் அது ஒரு சாமர்த்தியம். எழுதியவனுக்கு முடிக்கத் தெரியாததை மறைப்பது. எனக்கு வேறு வழி இல்லை. இதன் முடிவு உண்மையிலேயே என்னிடம் இல்லை.

இதை வாசிக்கிற மற்றவர்கள் இத்தோடு வைத்துவிடலாம். மிச்சம் ஒருவருக்கு மட்டும்.

கம்சிகா, உங்கள் பெயர் இதில் கம்சிகா இல்லை, உங்களுக்கே தெரியும். இந்தத் தாள்களுக்குக் கீழே மூன்று இருக்கின்றன: நீங்கள் தந்த ஒன்பது பக்கம், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் அதன் தமிழ், நான் கையெழுத்து வைத்த ஒற்றைத் தாள். அதை எங்கே கொண்டுபோவது, யாரிடம் கொடுப்பது என்பது உங்களுடையது. அம்மாவிடம் எதை வாசித்துக் காட்டுவது என்பதும். நான் இங்கே மன்னிப்பு என்ற சொல்லை எழுதி, அழித்து, மறுபடி எழுதி, அழித்திருக்கிறேன். அதை நீங்கள் எனக்குத் தரவேண்டிய கட்டாயம் இல்லை.

நாலு மணி. மழை. நீங்கள் வாசலில் நின்று குடையை உதறுவது கேட்கிறது. கலாவதி கதவைத் திறக்கப் போகிறாள்.

வாங்கோ பிள்ளை. குழந்தையை ரீச்சரிட்டக் குடுத்திட்டு இந்தக் கதிரையில இருங்கோ. முதல் பக்கத்தில இருந்து வாசியுங்கோ. நான் இஞ்சதான் நிக்கிறன்.