மருது நின்ற கரை

ரங்கநாயகியின் பாக்குத் தோப்பு மேட்டுப்பாளையத்துக்குக் கிழக்கே பவானிக் கரையில் இருந்தது. தோப்புக்கும் ஆற்றுக்கும் நடுவே நீர்மருதும் புங்கனும் அடர்ந்து நிற்கும். அடியில் நொச்சி, தண்ணீரோரம் நாணல். அவள் புருஷன் இருந்தவரை அந்தப் பக்கம் அரிவாளோடு யாரையும் விட்டதில்லை. மருது வேர்தான் கரையைப் பிடித்து வைத்திருக்கிறது என்பார். அவர் போன பிறகு அவளும் அப்படியே காத்துவந்தாள்.

வெளி வேலைகளைத் தம்பி கோவிந்தராஜுலு பார்த்துக்கொண்டான். தாயில்லாத பிள்ளையாக அவள் இடுப்பில் வளர்ந்தவன். அவளுக்குக் கையெழுத்து மட்டும் போட வரும், படிக்க வராது. 1958 பங்குனியில் ஒரு காகிதத்தோடு வந்தான்.

“கரண்டு மோட்டாருக்கு மனுங்க அக்கா. படிக்கறேன், கேளுங்க.”

சர்வே நம்பர், கிணற்றின் ஆழம், மோட்டாரின் குதிரைசக்தி என்று விரல் வைத்து வரிவரியாகப் படித்தான்.

“செரி கண்ணு,” என்று கையெழுத்துப் போட்டாள்.

சித்திரையில் அவிநாசித் தேருக்குப் போய் நான்கு நாள் கழித்துத் திரும்பினாள். தோப்புக்குள் நுழைந்ததும் கண் கூசியது. ஆற்றோரம் முழுக்க வெயில். ஒரு மரம் மிச்சமில்லை. நாணலையும் கொளுத்தியிருந்தார்கள்.

“நீங்களே சொன்னதாத்தான் உங்க தம்பி சொன்னாருங்கம்மா. நா என்னன்னு தடுப்பனுங்க?” என்றாள் தோப்பில் வேலை செய்யும் மாசாணியம்மாள்.

கட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த மரக் கான்ட்ராக்டர் தம்பிதுரை, அவள் கேட்டதும் காகிதத்தை எடுத்து நீட்டினார். கையெழுத்து அவளுடையதுதான்.

“படிங்க,” என்றாள்.

“‘ஆற்றோர மரங்கள் முழுவதையும் வெட்டிக்கொள்ள என் மனப்பூர்வமான சம்மதம்...’” பாதியில் நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தார். “உங்களுக்குத் தெரியாதுங்களா?”

அன்று கோவிந்தராஜுலு படித்த வரிகளில் ஒன்றுகூட அதில் இல்லை. எழுத்தின்மேல் ஊர்ந்துபோன அவன் விரல்தான் கண்முன் நின்றது.

சாயங்காலம் அவனே வந்தான். “கேட்டா ஒத்துக்க மாட்டீங்கன்னு தெரியுமுங்க அக்கா. சும்மா நின்ன மரந்தானே. அந்த எடத்துலயும் பாக்கு வெக்கலாமுங்க.”

“நா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்,” என்றாள். “அதுக்காக இல்லாததைப் படிச்சுப்போட்டியே.”

அந்தக் கோடையில் நிழலில்லாத ஆற்று மடு வெயிலில் கொதித்தது. எப்போதும் அங்கே மீன் பிடிக்கும் மாசாணியம்மாளுக்கு ஒரு கெண்டைகூட அகப்படவில்லை. ஆடியில் மலையில் மழை வலுத்து ஆறு செந்நிறமாக ஏறியது. மேல்பக்கத்து அரங்கசாமியின் கரையிலும் அதே வெள்ளம்தான். அங்கே வெட்டாத மரத்திலும் நாணலிலும் வேகம் அடங்கி, வண்டலைப் படியவிட்டு இறங்கியது. ரங்கநாயகியின் கரையோ வெட்டிய அடிமரங்களோடு பாளம் பாளமாகச் சரிந்தது. மூன்றே நாளில் ஏழு வரிசைப் பாக்கு ஆற்றோடு போனது.

வெள்ளம் வடிந்ததும் அரங்கசாமி கரையிலிருந்து நடுவதற்கு நொச்சிப் போத்தும் நாணல் கிழங்கும் வாங்கிவந்தாள். அவளும் மாசாணியம்மாளும் முழங்கால் சேற்றில் நின்று நட்டார்கள். ஐப்பசி வெள்ளம் பாதியை அடித்துக்கொண்டு போனது. தையில் மறுபடி நட்டார்கள். அது வேர் பிடித்தது.

பங்குனியில் கோவிந்தராஜுலு வந்து வாசலில் நின்றான். ரங்கநாயகி சேற்றுக் கையைக் கழுவிக்கொண்டு ஒரு முக்காலியை எடுத்துப் போட்டாள்.

“வாங்க,” என்றாள். “உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?”

அவன் உட்காரவில்லை.