தாணம்மாளின் இடம்

தாணம்மாள் கடைசியாக என்னிடம் சொன்னது, "கருவாட்டுச் சட்டிகிட்ட பூன நிக்கு, பாருங்க" என்பதுதான். பூனையை விரட்டிவிட்டு நான் திரும்பியபோது சுவரில் சாய்ந்தபடியே போயிருந்தாள். ஒருநாள்கூட படுத்துக் கிடக்காத மனுஷி என்று துக்கத்துக்கு வந்தவர்கள் சொன்னார்கள். அது சரியில்லை. எங்களுக்குக் கல்யாணமான மூன்றாம் வருஷம், ஐம்பத்திரண்டு ஐப்பசியில், ஒன்பது நாள் கிடந்தாள்.

சுசீந்திரத்தில் வயலோரம்தான் எங்கள் வீடு. நான் கோட்டாற்றில் ஒரு ஜவுளிக்கடையில் துணி அளந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் நடவுக்குப் போவாள். அந்த வருஷம் கால்வாயில் தண்ணீர் பிந்தி வந்ததால் எல்லா வயலும் ஒரே வாரத்தில் உழவாகி நின்றன. ஆறு நாள் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை குனிந்து நட்டாள். வீட்டுக்கு வந்தால் நெல் குத்துவாள். ஏழாம் நாள் காலையில் கஞ்சியை வாய்வரை கொண்டுபோக முடியவில்லை. கை நடுங்கி மடியெல்லாம் கஞ்சி.

வைத்தியர் முத்துநாயகம் நாடி பார்த்தார். "சீக்கு ஒண்ணும் இல்ல. காளைன்னா மதியம் அவுத்து விடுவாவ. இவள அவுத்து விட ஆளு இல்ல" என்று என்னைப் பார்த்தார். தேய்க்க எண்ணெய், நொச்சி இலை போட்ட வெந்நீர், உளுந்தங்கஞ்சி, பத்து நாள் படுக்கை.

இரண்டு நாள் கிடந்தாள். இரண்டாம் நாள் சாயங்காலம் சுவரைப் பார்த்துக்கொண்டே, "நாளைக்குப் பூங்கனி நடுவுல ஏறிருவா" என்றாள்.

நடவு வரிசையில் நடுவில் நிற்பவள்தான் தலைவி. அவள் கை வேகத்துக்குத்தான் மற்றவர்கள் நட வேண்டும். அவள் வராவிட்டால் இரண்டு நாள் பொறுப்பார்கள். மூன்றாம் நடவுக்கு அவளோ அவள் வீட்டு ஆளோ அங்கே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் இடம் அடுத்தவளுக்கு.

"ஏறட்டும். நீ கஞ்சியக் குடி."

"பன்னெண்டு வயசுல வயல்ல எறங்கினேன். போன வருஷந்தான் அந்த எடம் கெடச்சுது." எழுந்து நிற்கப் பார்த்தாள். முழங்கால் மடிந்து பாயிலேயே உட்கார்ந்தாள்.

"நான் போறேன்" என்றேன்.

"நாத்து எது, புல்லு எதுன்னு தெரியுமா ஒங்களுக்கு?"

வீட்டு ஆள் என்றுதான் வழக்கம். பெண் ஆள் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

மறுநாள் வயலில் இறங்கியதும் பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் முந்தானையால் வாயை மூடினார்கள். பூங்கனி தாணம்மாளின் சித்தி மகள். "அத்தான், வேட்டிய இன்னும் கொஞ்சம் தூக்கிக் கெட்டுங்க. நாங்க பாக்கல்ல" என்றாள்.

நான் செய்த பிசகு, கடைப் பழக்கத்தை வயலுக்குக் கொண்டு போனதுதான். ஒரு நாற்றுக்கும் அடுத்த நாற்றுக்கும் நடுவே சாண் வைத்து அளந்து ஊன்றினேன்.

"எத்தன முழம் ஆச்சு, அத்தான்? கிழிச்சுத் தருவியளா?"

நடுகிறவர்கள் பின்னால் நகர்ந்துகொண்டே நடுவார்கள். நான் நாலு முழம் நகர்வதற்குள் இரு பக்கமும் எல்லோரும் என்னைத் தாண்டிப் போய், என் முதுகுக்குப் பின்னாலும் நட்டு அடைத்துவிட்டார்கள். நான்கு பக்கமும் நாற்று. மிதிக்காமல் வெளியே வர வழியில்லை. பிந்துகிற புதுப்பெண்களுக்குச் செய்கிற கேலி அது. வீட்டிலிருந்து வெற்றிலை வந்தால்தான் மீட்பு.

செய்தி வீட்டுக்குப் போயிற்று. அடுத்த வீட்டுக்காரியின் தோளைப் பிடித்துக்கொண்டு, வழியில் மூன்று இடத்தில் உட்கார்ந்து, வெற்றிலைத் தட்டோடு தாணம்மாள் வந்தாள். வரப்பில் உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். சேறு அப்பிய முகத்தோடு கொக்கு மாதிரி நின்றேன். சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க வயிறு வலிக்கிறது என்று அழுதாள். பிறகும் சிரித்தாள்.

பூங்கனி வெற்றிலையை வாங்கிக்கொண்டு சொன்னாள்: "ஒங்க வீட்டு ஆளு வந்து நின்னாச்சு. எடம் ஒனக்குத்தான், அக்கா. ஆனா நாளைக்கு இவிய வராண்டாம். நெல்லு வெளையணும்லா."

பாக்கி நாட்களில் நடுவில் யாரும் நிற்கவில்லை. அந்த அகலத்தையும் பூங்கனியே சேர்த்து நட்டாள்.

நான் வயலில் இறங்கியதற்கு மறுநாள் எனக்கும் எழுந்திருக்க முடியவில்லை. ஒரே பாயில் இரண்டு பேர். வைத்தியர் எண்ணெய்க் குப்பியை நடுவில் வைத்துவிட்டு, "பங்கு வச்சிக்கிடுங்க" என்று போனார். உளுந்தங்கஞ்சியை யார் காய்ச்சுவது என்று தினமும் சண்டை. பத்தாம் நாள் காலையில் தண்ணீர்ச் செம்பை நிறைய மொண்டு, என் முகத்துக்கு நேரே ஒற்றைக் கையில் நீட்டிப் பிடித்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. அன்றைக்கே வயலுக்குப் போய் நடுவில் நின்றாள். அதற்குப் பிறகு முப்பது வருஷம் அங்கேதான் நின்றாள்.

என்னோடு சண்டை போட இப்போது ஆளில்லை. குனிந்தால் இடுப்பின் இடது பக்கம் பிடிக்கிறது. அன்றைக்கு வயலில் பிடித்தது; இன்னும் விடவில்லை.