மீசைப்பூவும் மின்னலின் விரல்களும்

பூக்களைக் கட்டி வெளியூருக்கு அனுப்பும் அந்தக் குளிர்க்கிடங்கில் அவளை எல்லோரும் மின்னல் என்றுதான் கூப்பிட்டார்கள். மெல்லிய கையுறைக்குள்ளும் கை அவ்வளவு வேகம். தண்டை இடது கையில் பிடித்து, வலது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரே இழுப்பு. கீழ் இலைகள் அத்தனையும் காலடியில் கிடக்கும்.

கிடங்குக்கு ஜன்னல் கிடையாது. பால் போன்ற வெளிச்சத்தில் மூச்சு புகையாக மிதக்கும். மொட்டாக வரும் பூக்கள் மொட்டாகவே வண்டியேறிப் போய்விடும். ஆறு வருஷத்தில் முழுதாக விரிந்த ஒரு பூவை அவள் அங்கே பார்த்ததில்லை. பூக்களைத் தூங்க வைக்கிற வீடு அது என்று அவளுக்குத் தோன்றும். நின்றபடியே தானும் பாதித் தூக்கத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்வாள்.

அவள் மேசைக்கு அதிகம் வந்தது மீசைப்பூ. மொட்டின் பிளவில் தெரிந்த உள்ளிதழில் பூனை மீசை மாதிரி கோடுகள் இருந்ததால் பெண்கள் வைத்த பெயர் அது. உண்மைப் பெயர் பெட்டியின்மேல் எழுதியிருந்தது. யாருக்கும் வாயில் நுழையவில்லை.

கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில்தான் முதலில் அரித்தது. பிறகு தோல் உரிந்தது. பிறகு விரல் நுனிகள் வறண்ட மண்ணாக வெடித்தன. சோப்பை மாற்றினாள். எண்ணெய் தடவினாள். அவள் கணவன் தையல்காரன். வீட்டின் முன்னறையிலேயே மெஷின் போட்டிருந்தான். அவன் தைத்த துணியை மடித்து வைக்கப் போனால் வெடிப்பில் நூல் சிக்கி இழுத்தது.

"விடு, நான் மடிச்சுக்கிறேன். பாத்திரமும் நான் பாத்துக்கிறேன்" என்றான்.

"அப்ப நான் எதுக்கு இருக்கேன்?"

"என்னைத் திட்டுறதுக்கு ஆள் வேணாமா?"

சிரித்தாள். சிரிப்பின் நடுவிலும் கை தானாகச் சொறிந்துகொண்டிருந்தது.

ஒரு நாள் காலை கிடங்கு வாசலில் விரலை வைக்கும் வருகை இயந்திரம் அவளை ஏற்க மறுத்தது. "மீண்டும் முயற்சிக்கவும்" என்றது அதற்குள்ளிருந்த இனிமையான பெண் குரல். துடைத்து வைத்தாள். ஊதி வைத்தாள். சிவப்பு விளக்குதான் எரிந்தது. விரலைத் திருப்பிப் பார்த்தாள். ரேகையே இல்லை. கண்ணாடி போல வழவழவென்று, நடுவில் இரண்டு கீறல்.

பின்னால் நின்றவள் பக்கத்து மேசைக்காரி. எந்நேரமும் எதையாவது முணுமுணுப்பதால் அவளுக்குப் பாட்டுக்காரி என்று பெயர். "என்னடி, மெஷினுக்கே உன்னை அடையாளம் தெரியலையாம்" என்றாள்.

சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார். "ஆள் வந்தாச்சு, விரல் வரலையா? சரி சரி, உள்ள போ. பதிவேட்டுல நான் போட்டுக்கிறேன்."

அன்றைக்கு முழுவதும் அவள் கால் தரையில் பாவவில்லை. தான் வந்திருக்கிறோமா, வீட்டில் படுத்துக்கொண்டு இதையெல்லாம் நினைக்கிறோமா என்று பிடிபடவில்லை. வெள்ளை வெளிச்சத்தில் கைகள் மட்டும் யாருடையவோ போல இலைகளை உருவிக்கொண்டிருந்தன.

மறுநாள் கணவன் மெஷினை மூடிவிட்டுத் தோல் டாக்டரிடம் அழைத்துப் போனான். டாக்டரம்மா விரல்களை விளக்கில் பார்த்தார். "லீவு நாள்ல குறையுதா?"

"கொஞ்சம் குறையும். வேலைக்குப் போனா மறுபடி ஆரம்பிச்சிடும்."

"என்ன வேலை? எப்படிச் செய்வீங்க, காட்டுங்க."

அவள் இல்லாத தண்டைப் பிடித்து, இல்லாத இலைகளை ஒரே இழுப்பில் உருவினாள். டாக்டரம்மா அந்த இரண்டு விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வெடிப்பு இருந்ததும் சரியாக அந்த இடங்களில்தான்.

"நீங்க தொடுற ஒவ்வொரு செடியிலயும் ஒரு இலை கொண்டு வாங்கம்மா."

கொண்டுவந்த இலைத் துணுக்குகளையும் வேறு சில மருந்துகளையும், எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க, முதுகில் கட்டம் கட்டமாக ஒட்டி அனுப்பினார்கள். இரண்டு நாள் முதுகில் தண்ணீர் படக்கூடாது. குப்புறப் படுத்துத் தூங்கினாள். கனவில் கிடங்கு முடிவில்லாமல் நீண்டுகொண்டே போனது. பூக்கள் எல்லாம் ஒரே நேரத்தில், சத்தமில்லாமல் விரிந்துகொண்டிருந்தன. அவள் ஒவ்வொன்றின் முன்பும் கட்டைவிரலை நீட்டினாள். அவை தலையைத் திருப்பிக்கொண்டன.

ஒட்டியதைப் பிரித்து, கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்தபோது கணவனும் அறையில் இருந்தான். "என்ன தெரியுது? சொல்லேன்" என்றாள் அவள், சுவரைப் பார்த்தபடி.

"எல்லாக் கட்டமும் சும்மா இருக்கு. ஒண்ணு மட்டும் சிவந்து, பொரிப்பொரியா... பூத்திருக்கு."

"மீசைப்பூ கட்டம்" என்றார் டாக்டரம்மா. "அதோட சாறுதான் உங்க தோலுக்கு ஒத்துக்கல. இனிமே அதைத் தொடவே வேணாம்."

"கையுறை போட்டுத்தானே செய்றேன்?"

"அந்த மெல்லிசு உறைக்குள்ள சாறு இறங்கிடும். அதுக்குன்னு நீல நிறத்துல நைட்ரைல் உறை இருக்கு. உங்க கூட வேலை செய்றவங்களையாவது அதைப் போடச் சொல்லுங்க."

டாக்டரம்மா சொன்னதைச் சூப்பர்வைசர் நம்பவில்லை. "பூவு எங்கயாச்சும் ஆளைக் கடிக்குமா மின்னல்? வெளிய சொன்னா சிரிப்பாங்க."

பக்கத்தில் முணுமுணுப்பு நின்றது. பாட்டுக்காரி தன் உறையைக் கழற்றி மேசையின்மேல் கையை வைத்தாள். கட்டைவிரல் உரிந்து கிடந்தது. "நான் பாத்திரம் தேய்க்கிற பவுடர்னு நெனச்சேன்" என்றாள். எதிர் மேசையிலிருந்து ஒருத்தி வந்தாள். பிறகு இன்னொருத்தி. ஆளுக்கு ஒரு காரணத்தை நம்பிக்கொண்டு, இத்தனை நாளும் உறைக்குள் மறைத்து வைத்திருந்த விரல்கள்.

சூப்பர்வைசர் போன் எடுத்துக்கொண்டு வெளியே போனார். முதலாளி ஒரே நாளில் மனம் மாறிவிடவில்லை. அந்தப் பெண்களும் டாக்டரம்மாவிடம் போய்வந்த பிறகுதான் நீல உறைப் பெட்டிகள் வந்து இறங்கின. மின்னலை ரோஜா மேசைக்கு மாற்றினார்கள். முள் குத்தியது, ஆனால் குத்தியதோடு சரி. சில சமயம் தூரத்து மேசையில் மீசைப்பூக் கட்டுகளைப் பார்ப்பாள். கோபம் வரவில்லை. ஒத்துவராத சொந்தக்காரரை எதிர்த் தெருவில் பார்ப்பது போலிருந்தது. விரல்களில் ரேகைகள் நிதானமாக, ஒரு கோடு ஒரு கோடாகத் திரும்பின.

ஒரு விடுமுறை நாள் மதியம், வெட்டிய துணிகளின் குவியலில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சட்டை வாங்க வந்தவர் வாசலிலிருந்தே உரக்கக் கேட்டார், "தச்சாச்சா?"

கணவன் மிதியிலிருந்து காலை எடுத்தான். "மெதுவாப் பேசுங்க சார்" என்றான். "ரொம்ப நாள் கழிச்சு சொறியாமத் தூங்குறா."