செவ்வாய், வியாழன் வில்ஃப் வீட்டில்

லினெட் அக்ராய்ட் சொன்ன பொய் இரண்டே சொல். சொன்னபோது அது பொய் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. அன்று மாலைக்குள் உண்மையாகிவிடும் என்று நினைத்துச் சொன்னது.

இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் மேடேறிப் போகும் எங்கள் தெருவில் அவளும் வில்ஃப் சக்டனும் அடுத்தடுத்த வீடு. நடுவில் ஒரே சுவர். லினெட் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறாள். நாற்பத்தாறு வயது, தனி ஆள். வில்ஃப் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். இரண்டு முழங்காலும் கெட்டுப்போய் அறுபது வயதிலேயே வேலையை விட்டுவிட்டு நாள் முழுக்க வீட்டில் இருந்தார். போன் வாங்குவதோ காருக்கு இன்சூரன்ஸ் எடுப்பதோ, தெருவில் யாராக இருந்தாலும் முதலில் லினெட்டிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள். எது எங்கே மலிவு என்று தேடிப் பிடிப்பதில் அவளுக்கு அத்தனை ஆசை.

இரண்டாயிரத்து இருபத்தொன்று ஜூனில் வில்ஃப் ஒரு கடிதத்தை வேலிக்கு மேல் நீட்டினார். அவருடைய பழைய கரண்ட், கேஸ் கம்பெனி அனுப்பியது.

"ரெண்டு வருஷத்துக்கு விலை ஏறாதாம். கையெழுத்துப் போட்டுடலாம்னு இருக்கேன்."

"எதுக்கு? உங்கள மாதிரி ஆளுங்கள நம்பித்தான் அவங்க கடையே நடத்துறாங்க. முப்பது வருஷமா ஒரே கம்பெனி! கல்யாணம்கூட உங்களுக்கு அவ்ளோ நாள் நிக்கல."

"அவ போயிட்டா. கம்பெனி இன்னும் போகலையே."

லினெட் சிரித்துக்கொண்டே போனில் ஒன்றைக் காட்டினாள். பிரைட்ஹார்த் என்று ஒரு புதுக் கம்பெனி. பழையதைவிட நல்ல மலிவு. வில்ஃப் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"பேரே கேள்விப்பட்டதில்லையே. நீ இதுலயா இருக்க?"

"நானும் மாறிட்டேன்."

அதற்குப் பிறகு அவர் யோசிக்கவில்லை. அவர் கடிதத்தை லினெட்டே கிழித்து மறுசுழற்சிப் பெட்டியில் போட்டாள்.

அவளோ மார்ச் மாதத்தில்தான் ஒரு பெரிய கம்பெனியோடு இரண்டு வருடத்துக்கு விலை ஏறாதபடி ஒப்பந்தம் போட்டிருந்தாள். நடுவில் விலகினால் அபராதம். அது எவ்வளவு என்று மாலையில் பார்த்துவிட்டு மாறிக்கொள்ளலாம் என்றிருந்தாள். மாலையில் தங்கை வந்தாள். மறுநாள் பள்ளியில் விளையாட்டு விழா. பத்து நாள் கழித்து வில்ஃப், "நம்ம கம்பெனி எப்படி?" என்று கேட்டபோது, "அருமை" என்றாள். அதன்பின் மாறுவதைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை.

அக்டோபரில் பிரைட்ஹார்த் மூழ்கியது. உலகம் முழுக்க கேஸ் விலை ஏறியதில் அப்போது வாரத்துக்கு ஒன்று இரண்டு என்று சின்னக் கம்பெனிகள் விழுந்துகொண்டிருந்தன. வில்ஃப் பின்கதவு வழியாக வந்தார். வந்த முகத்தில் கோபமில்லை.

"செய்தி பார்த்தியா? நம்ம ஆளுங்க படுத்துட்டாங்க. நீ மனசு விட்டுறாத லினெட். வேற கம்பெனிக்கு அரசாங்கத்துலேயே மாத்தி விடுவாங்களாம். கரண்ட் நிக்காது."

அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தாள், "ஐயோ" என்ற சொல்தான் வந்தது.

"உன் மேல தப்பு இல்ல. நீயும் சேர்ந்துதானே மாட்டிக்கிட்ட" என்று அவர் அவள் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

வில்ஃபை இன்னொரு கம்பெனியின் தலையில் கட்டினார்கள். அங்கே விலை ஏறாத ஒப்பந்தம் கிடையாது. ஏற ஏறக் கொடுக்க வேண்டியதுதான். அப்படி ஒப்பந்தம் தர அப்போது நாட்டில் எந்தக் கம்பெனியும் தயாராக இல்லை. ஏப்ரலில் பாதிக்குப் பாதி ஏறியது. அடுத்த அக்டோபரில் அதன் மேல் இன்னொரு ஏற்றம். லினெட் மட்டும் பழைய விலையையே கொடுத்துக்கொண்டிருந்தாள். பள்ளிச் சமையலறையில் மற்றப் பெண்கள் பில்லைப் பற்றிப் புலம்பும்போது பாத்திரம் கழுவும் பக்கம் போய்விடுவாள்.

அந்தக் குளிர்காலத்தில்தான் வில்ஃப் ஒரு யோசனை சொன்னார்.

"ரெண்டு வீட்ல எதுக்கு ஹீட்டர்? திங்கள், புதன், வெள்ளி உன் வீட்ல போடு, நான் வரேன். செவ்வாய், வியாழன் என் வீட்ல போடுறேன், நீ வா. அஞ்சு மணிலேர்ந்து எட்டு மணி வரைக்கும். மத்த நேரம் கோட்டு, கம்பளி."

"எல்லா நாளும் இங்கயே வந்துடுங்களேன் வில்ஃப்."

"ஏன், நான் என்ன தர்மத்துக்கா வரேன்? ரெண்டு பேருக்கும் ஒரே கதி. மாத்தி மாத்திதான்."

மறுத்துப் பேச அவளிடம் காரணம் இல்லை. இருந்த ஒரே காரணத்தைச் சொல்ல முடியவில்லை. மூன்று நாளாவது மனுஷன் சூட்டில் உட்காருவாரே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமைகள்தான் அவளுக்கு நரகமாக இருந்தன. அவள் வருகிறாள் என்று நாலேமுக்காலுக்கே ஹீட்டரைப் போட்டு வைத்திருப்பார். வெந்நீர்க் குழாய்கள் சுவருக்குள் டிக் டிக் என்று விரியும். "குளிருதா? இன்னும் கொஞ்சம் ஏத்தட்டுமா?" என்பார். வேண்டாம் என்றால் கேட்காமல் ஏற்றுவார். தேநீர் போட்டு, பிஸ்கட் டப்பாவை அவள் பக்கமாகத் தள்ளுவார். வீட்டு வாசலில் அவர் பஸ் ஓட்டிய காலத்துக் கோட்டு தொங்கும். பகலெல்லாம் வீட்டுக்குள் அதைத்தான் போட்டிருக்கிறார் என்பது அவளுக்குத் தெரியும்.

அந்த அறையில் நாலடி நீளத்தில் ஒரு மீன்தொட்டி இருந்தது. பத்தொன்பது வருடமாக வளர்க்கிறார். வெப்ப நாட்டு மீன்கள். இருபத்தாறு டிகிரிக்குக் கீழே தண்ணீர் போகக்கூடாது. நவம்பர் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் போனபோது பக்கத்து ஊரான ஹடர்ஸ்ஃபீல்டிலிருந்து ஒருவர் வந்திருந்தார். தண்ணீர் நிரப்பிய பைகளில் மீன்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தொட்டிக்கும் எனக்கும் சேர்த்துச் சூடு காட்ட முடியல," என்றார் வில்ஃப். "அந்த ஆளோட வீட்ல கூரை மேல சோலார் தகடு இருக்கு. அதுங்களுக்கு அங்க வசதி. லினெட், கதவைக் கொஞ்சம் பிடிச்சுக்கோ. மழை உள்ள வருது."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பைகள் ஒவ்வொன்றாக அவளைத் தாண்டி வண்டிக்குப் போயின. கடைசிப் பையை வில்ஃபே தூக்கிக்கொண்டு, முழங்கால் வலியோடு படி இறங்கினார். அப்போதும் அவள் சொல்லவில்லை.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை வில்ஃப் இரண்டு தாள்களை மேசைமேல் வைத்தார். உள்ளூர்ப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். பஸ் ஓட்டிய கைக்கு அழகான கையெழுத்து.

"இந்தப் பிரைட்ஹார்த் முதலாளிங்க நம்ம பணத்தை வாங்கிட்டு எங்க போனாங்கன்னு யாராவது கேக்கணும்ல? தெருவுல ரெண்டு பேர் ஏமாந்திருக்கோம்னு போட்டிருக்கேன். பத்திரிகைக்காரன் வாடிக்கையாளர் நம்பர் கேக்கறான். என்னோடது எழுதிட்டேன். உன்னோடது சொல்லு."

லினெட் பேனாவைப் பார்த்தாள்.

"என்கிட்ட நம்பர் இல்ல."

"தேடு, எங்கயாவது மெயில்ல இருக்கும்."

"இல்ல வில்ஃப். நான் மாறவே இல்ல."

அவருக்குப் புரியவில்லை. "எப்ப மாறல?"

"எப்பவுமே. அன்னைக்கு வேலிகிட்ட உங்ககிட்ட சும்மா சொன்னேன். மாறணும்னுதான் இருந்தேன்... மாறல. மார்ச் வரைக்கும் எனக்குப் பழைய விலைதான்."

வில்ஃப் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். மறுபடி பிரித்தார். மறுபடி அடுக்கினார்.

"என் விலை ஏறினப்ப உன் விலை ஏறல."

"ஏறல."

"அப்ப செவ்வாய்க்கிழமை வந்து இங்க எதுக்கு உட்கார்ந்த?"

சொல்ல வெட்கமாக இருந்தது என்றாள். அது உண்மைதான். ஆனாலும் அதைச் சொல்லும்போது அதுவும் ஒரு சாக்காகவே அவள் காதில் விழுந்தது.

"ஏமாத்தினதக்கூட விடு. தப்பான கம்பெனி, உனக்கு என்ன தெரியும், எனக்கு என்ன தெரியும்! ஆனா அந்த ஆளு மீனைக் கொண்டுபோகும்போது நீ கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னியேம்மா."

"நான் குடுத்துடறேன் வில்ஃப், இத்தனை நாள் வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவும்..."

"உன் காசு எனக்கு வேணாம்."

எழுந்து போய் ஹீட்டரை நிறுத்தினார். மணி ஆறுகூட ஆகவில்லை. "வீட்டுக்குப் போ" என்றார். குரலை உயர்த்தவில்லை. அவள் கோட்டு மாட்டிக்கொண்டிருக்கும்போதே குழாய்கள் டிக் டிக் என்று ஆறத் தொடங்கின. அந்தச் சத்தத்தைத் தன் வீட்டிலிருந்தும் சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டு மாதம் பேச்சில்லை. குப்பைத்தொட்டி வெளியே வைக்கும் நாளில்கூட அவர் அவள் உள்ளே போனபின்தான் வருவார். மார்ச்சில் அவளுடைய ஒப்பந்தம் முடிந்தது. புது விலை போட்டுக் கடிதம் வந்தது. படித்ததும் அவளுக்கு வந்தது நிம்மதி. காலில் செருப்புகூட மாட்டாமல் பனி படிந்த முற்றத்துக்கு ஓடி, வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவரைக் கூப்பிட்டாள்.

"வில்ஃப்! எனக்கும் ஏறிடுச்சு. இப்ப உங்க விலைதான் எனக்கும்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"அதுக்கு நான் கை தட்டணுமா? உன் பில்லு ஏறினா என் ரூம் சூடாயிடுமா?"

உள்ளே வந்து கடிதத்தை மடித்தபோதுதான் லினெட்டுக்கு உறைத்தது. அவரோடு சேர்ந்து கஷ்டப்படுவதாகச் சொல்லிச் சொல்லித்தான் இவ்வளவு நாளும் அவரை ஏமாற்றினாள். இப்போது நிஜமாகவே கஷ்டப்படுவதைக் கொண்டுபோய்க் காட்டி மன்னிப்பு வாங்கப் பார்த்திருக்கிறாள்.

மறுநாள் அவர் கதவைத் தட்டினாள். உள்ளே காலெடுத்து வைக்கவில்லை.

"வாரத்துல அஞ்சு நாளும் அஞ்சு மணிக்கு என் வீட்ல ஹீட்டர் போடுவேன். நீங்க வந்தாலும் போடுவேன், வராட்டியும் போடுவேன். உங்க ஹீட்டர் சூட்டுல இனிமே நான் உட்கார மாட்டேன். அவ்ளோதான் சொல்ல வந்தேன்."

அவர் கதவைச் சாத்திவிட்டார். மூன்று வாரம் அவள் காலி நாற்காலிக்கு முன்னால் ஹீட்டரைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். நாலாவது வாரம், ஏப்ரல் பனி கொட்டிய ஒரு வியாழக்கிழமை, பின்கதவு திறந்தது. வில்ஃப் ஒரு பத்திரிகையோடு வந்து உட்கார்ந்தார். எட்டு மணி வரை படித்தார். போகும்போது, "குழாய்ல காத்து அடைச்சிருக்கு, சத்தம் போடுது. திறந்து விடு" என்றார்.

இப்போது இருவரும் சேர்ந்துவிட்டார்கள் என்றுதான் தெருவில் சொல்கிறோம். லினெட்டிடம் கேட்டால், "பேசறாரு. ஆனா எதையும் என்கிட்ட கேக்கறதில்ல" என்கிறாள். விலை ஏறாத ஒப்பந்தங்கள் மறுபடி வரத் தொடங்கியதும் வில்ஃப் நூலகத்துக்குப் போய், அங்கிருந்த கம்ப்யூட்டரில் மூன்று நாள் உட்கார்ந்து, தானே ஒரு கம்பெனியைத் தேர்ந்தெடுத்தார். கையெழுத்துப் போட்டு ஒரு வாரம் கழித்துத்தான் பேச்சுவாக்கில் பேரைச் சொன்னார். அதைவிட மலிவாக இரண்டு கம்பெனிகள் இருப்பது லினெட்டுக்குத் தெரியும்.

அவர் அபிப்பிராயம் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. தேநீர் போட எழுந்து போனாள்.