வாசலில் கல்லான தளபதி

டிவி திரையில் தெரிந்த கோபுர வாசலில் தளபதியைக் கொண்டுபோய் நிறுத்தியது அண்ணிதான். அதுவும் நாத்தனார் படித்துப் படித்துச் சொல்லியிருந்தும்.

காலில் மாவுக்கட்டோடு, நாலாவது மாடியில் கட்டிலே கதியென்று கிடந்த அண்ணிக்கு அந்த வீடியோ விளையாட்டைப் பழக்கியவள் நாத்தனார். மருந்துக்கடை வேலை முடிந்து வந்ததும் கட்டில் ஓரத்தில் உட்காருவாள். இருவரும் மாறி மாறி ஆளை நகர்த்துவார்கள். சூனியக்காரியிடம் பறிபோன நாட்டை ஆறு பேர் கட்டம் கட்டமாகச் சண்டையிட்டு மீட்கப் போகும் கதை. அதில் செத்தவர் செத்தவர்தான். ஆகவே, தான் பக்கத்தில் இல்லாதபோது தொடவே கூடாது என்பது நாத்தனாரின் கட்டளை. தளபதி அவளுடைய செல்லம். துருப்பிடித்த வாளோடு வந்தவனை அவள்தான் ஆளாக்கினாள்.

இன்று மத்தியானம் சுவரைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், அண்ணி விளையாட்டை எடுத்தாள். எதிரிகள் நுழையாதபடி தளபதியை வாசலில் நிறுத்தினாள். சூனியக்காரி ஒரு பார்வை பார்த்தாள், தளபதி கல்லாகிவிட்டான். பதறிப்போய், பின்னால் போகிற பொத்தான் என்று நினைத்து அண்ணி அழுத்தியது, ஆட்டத்தைப் பதிவு செய்கிற 'சேவ்' பொத்தான். பழைய பதிவின் மேலேயே பதிந்துவிட்டது, இனி திரும்பிப் போக முடியாது.

கோபுரத்துக்கு அந்த ஒரு வாசல்தான். உள்ளே மாட்டிக்கொண்டது மீதி ஐந்து பேர். அவர்களில் கொல்லனின் சுத்தியலுக்கு மட்டும் அந்தக் கல் உடையும். உடைத்தால் வழி கிடைக்கும், தளபதி போய்விடுவான்.

அண்ணியின் கணவன் வீட்டுக்கு வருவதே தூங்கத்தான். நாத்தனாரும் கோபித்துக்கொண்டு வராமல் இருந்துவிட்டால், அந்த அறையில் பேச வேறு ஆள் கிடையாது.

சாயங்காலம் நாத்தனார் திரையைப் பார்த்தபடி நின்றாள்.

"நான்தான் குட்டி. கை சும்மா இருக்கல."

"கட்டு போட்டவங்க கைக்கும் சேத்துப் போட்டிருக்கணும்."

அண்ணிக்குச் சிரிக்கத் துணிவில்லை. உடைத்துவிட்டு மற்றவர்களையாவது காப்பாற்று என்றாள். இல்லையென்றால் முதலிலிருந்து ஆடலாம் என்றாள். நாத்தனார் அறையை விட்டுப் போனாள். குழாய்த் தண்ணீர் ஓடியது, நின்றது. அடுத்து அவள் அறைக் கதவு சாத்தப்படும் என்று அண்ணி காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் ஈர முகத்தோடு திரும்பி வந்தாள்.

"அவரை உடைக்க மாட்டேன், அண்ணி."

"அப்புறம் எப்படி வெளிய போறது?"

"போக வேணாம். நம்மால வெளிய போக முடியாது, சரி. அவனுங்களால உள்ள வர முடியுமா?"

அண்ணி அதை யோசிக்கவே இல்லை.

"கோவம் போயிடுச்சா?"

"போகல. தள்ளி உக்காருங்க."

அண்ணி காலை இரண்டு கையாலும் தூக்கி நகர்த்தி இடம் விட்டாள். நாத்தனார் ஒருவரையும் நகர்த்தாமல் தன் முறையை முடித்தாள். எதிரிகள் திரண்டு வந்து கல்லை மோதினார்கள், அசையவில்லை. மறுபடி இவர்கள் முறை. நாத்தனார் விளையாட்டுக் கருவியை அண்ணி பக்கம் நீட்டினாள்.

அண்ணியும் யாரையும் நகர்த்தவில்லை.