‘தயவே’யில் நிற்கிற குடும்பம்

கோயில் பாட்டுப் பயிற்சியில் சத்தியதாஸ் ஆர்மோனியத்தை நிறுத்திவிட்டு எங்கள் வீட்டாரைப் பார்த்தார். பாடகர் குழு முழுவதும் திரும்பிப் பார்த்தது. மூன்றாம் அடியில் ‘தயவே’ என்ற சொல்லைத் தாண்டி மற்ற எல்லாரும் போய்விட்டார்கள். என் கணவர் தாசையனும், மாமி எலிசாளும், நாத்தனார் சுசீலாபாயும் மட்டும் ‘தய…’ என்று இழுத்துக்கொண்டு அங்கேயே நின்றார்கள். மூன்று பேரும் ஒரே அளவுக்கு நின்றதுதான் அழகு.

“தாசையா, உங்க வீட்டுக்குன்னு தனி ராகம் உண்டா வேய்?”

“பாட்டு அப்படித்தானே,” என்றாள் மாமி, கொஞ்சமும் கூசாமல். “எங்க வீட்டுக்காரரு கட்டுன பாட்டு. எனக்குத் தெரியாதா? அந்த இடத்துல நிக்கணும்.”

மடியில் கிதாரோடு உட்கார்ந்திருந்த எனக்குக் காது சுட்டது. நிற்பது பாட்டு இல்லை, நிற்பது நான். தினமும் சாயங்கால ஜெபத்துக்கு வீட்டில் நான்தான் வாசிப்பேன். அந்த இடத்தில் ‘சி’ பிடியை விட்டு ‘எஃப்’ பிடிக்குப் போக வேண்டும். ‘எஃப்’ என்றால் ஆள்காட்டி விரலை ஆறு கம்பிக்கும் குறுக்கே படுக்கவைத்து அழுத்த வேண்டும். மற்ற மூன்று விரல்களும் அதற்குள் தங்கள் இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். என் விரல்கள் போய்ச் சேரும்வரை இவர்கள் இழுத்துக்கொண்டு காத்திருப்பார்கள். மாமனார் கட்டிய பாட்டை அத்தனை காலம் சரியாகப் பாடிய மாமியையே என் விரல் கெடுத்துவிட்டதே, கர்த்தாவே!

இத்தனை நாளும் நான் பழி போட்டது கிதார்மேல். பொன்முடி எஸ்டேட்டில் அப்பா கணக்குப்பிள்ளை. சீமைக்குத் திரும்பிய சின்னதுரை விட்டுப்போன கிதார் அது. மழை ஈரத்தில் மரம் ஊதிவிட்டது என்பேன். நரம்பு பழசு என்பேன். எனக்கா சாக்குக்குப் பஞ்சம்!

“ராஜபாய்,” என்றார் சத்தியதாஸ், என் விரல்களைப் பார்த்தபடி. “அறுப்பின் பண்டிகைக்கு இந்தப் பாட்டு உனக்குன்னு சொல்லியாச்சு. மாத்தமாட்டேன். ஆனா ஆர்மோனியத்த மூடமாட்டேன், கேட்டியா? நீ அங்க நின்னா பாட்ட நான் எடுத்திருவேன்.”

“நின்னாத்தானே? எடுங்க.”

வாய் சொல்லிவிட்டது. அவர் எடுத்தால் கிதார் அன்றோடு கோயிலைவிட்டு இறங்கிவிடும். சபை மூப்பர்களில் பாதிப்பேருக்கு அது வெள்ளைக்காரன் கிளப்பில் குடித்துவிட்டுத் தட்டுகிற சாமான்.

மறுநாள் காலை கணவர் கச்சேரி உத்தியோகத்துக்குக் கிளம்பும்போதே நான் கிதாரை எடுத்துவிட்டேன். பாட்டை வாசிக்கவில்லை. ‘எஃப்’ பிடியை மட்டும் பிடித்து ஒவ்வொரு கம்பியாகத் தட்டினேன். ஐந்து கம்பி பேசின. கீழிருந்து இரண்டாவது மட்டும் ‘டொக்’ என்றது. விரலைத் தூக்கிப் பார்த்தேன். கம்பியின் தடம் சரியாக விரல் மடிப்பில் பதிந்திருந்தது. அந்தக் குழியில் கம்பி புகுந்து படுத்துக்கொண்டால் எங்கே பேசும்? நான் பலம் போதவில்லை என்று எண்ணிக் கை வலிக்க நெரித்துக்கொண்டிருந்திருக்கிறேன், மூளை கெட்டவள். விரலைக் கொஞ்சம் ஒருச்சாய்த்து, எலும்புப் பக்கம் கம்பியில் படும்படி வைத்தேன். கிதாரின் கழுத்துக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கட்டைவிரலைப் பின்னால் இறக்கினேன். தட்டினேன். ஆறும் பேசின.

கூவத் தோன்றியது. கூவினேன்.

பிடி வந்துவிட்டது, வேகம் வரவேண்டுமே. ‘சி’, ‘எஃப்’, ‘சி’, ‘எஃப்’. வேறொன்றும் இல்லை. புறக்கடையில் மாமி அரிசி இடித்தாள். அவள் உலக்கை விழும்போது என் விரல்களும் சேர்ந்து விழ வேண்டும் என்று வைத்துக்கொண்டேன்.

“ஏட்டி, இது என்ன பல்லி சத்தம் போல? பாட்டுன்னா பாடு!”

“நீங்க இடிங்க மாமி, நிறுத்தாண்டாம்.”

“முழுப்பாட்டும் வாசிச்சாத்தானே பழகும்?” என்றார் கணவர், சாயங்காலம் செருப்பைக் கழற்றியபடி.

“முழுப்பாட்டா வாசிச்சு வாசிச்சுத்தான் இந்த லட்சணம்.”

ஜெபத்துக்குக் கிதார் எடுக்கவே இல்லை. பண்டிகை வரைக்கும் இவர்கள் வெறும் வாயால் பாடினார்கள். அப்போதும் அந்த இடத்தில் நின்றார்கள். அங்கே நிற்க வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். மாமி கேட்டால்தானே!

பண்டிகை நாளில் கோயில் முழுக்க வாழைக்குலையும் மரச்சீனிக் கிழங்கும் பூசணியும். ஏலத்துக்குக் கட்டிப்போட்ட கோழிகள் வாசலில் கத்தின. நான் எழுந்து நின்றபோது மூப்பர் வரிசையில் ஒரு செருமல். சத்தியதாஸ் இரண்டு கையையும் ஆர்மோனியக் கட்டைகள்மேல் தயாராக வைத்திருந்தார்.

முதல் அடி. இரண்டாம் அடி. மூன்றாவது. ‘தய…’

விரல்கள் நாலும் ஒன்றாக விழுந்தன. ஆறு கம்பியும் மணியாகப் பேசின. நான் போய்விட்டேன், சபை என்னோடு வந்தது. பின்னால் மூன்று குரல்கள் மட்டும் ‘ய…’ என்று தனியாக நின்று, தவித்து, ஓடிவந்து சேர்ந்துகொண்டன. திரும்பிப் பார்த்தேன். மாமி வாய் திறந்தபடி என் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

“அட கள்ளி!” என்றாள், பாட்டுக்கு நடுவில், எல்லாருக்கும் கேட்கும்படி.

சத்தியதாஸ் கட்டைகளிலிருந்து கையை எடுத்து ஆர்மோனியத்தை மூடினார். மூடியின்மேல் தாளம் போட ஆரம்பித்தார். அடுத்த சரணத்தில் அந்த இடம் வந்தது. மாமி ஒரு கையால் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, தலையை நிமிர்த்தி, எனக்கு முன்னாலேயே ‘தயவே’யைத் தாண்டிப் போனாள்.